பார்க்கின்சன் நோய்: நடை தடுமாறும் முன்பே எலி மூளையில் மாற்றம் தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். இந்நோயில் மூளையில் திரண்டு சேரும் ஆல்பா சைனூக்ளின் புரதம் அளவுக்கு மீறி உருவாகும்படி மரபணு மாற்றிய சில எலி வகைகளில் நரம்பு செல்கள் உயிரோடுதான் இருக்கும், ஆனால் அவற்றின் நீண்ட இழைகள் போய் முடியும் ஸ்ட்ரையாட்டம் என்ற, அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியில், நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வெளியாவது குறையத் தொடங்கிவிடும். அப்புறம்தான் இழை நுனிகள் சிதையும், செல்லே சாவது அதற்கும் பிறகு. சில எலிகளில் மோப்பத்திறனும் குடல் இயக்கமும்கூட முன்கூட்டியே மந்தமாகின்றன. மனிதர்களிலும் பலருக்கு இப்படித்தான்.

எலிகளில் இந்நோய் போன்ற நிலையை வரவழைக்கப் பயன்படும் எம்பிடிபி நச்சை ஒரேயடியாகக் கொடுத்தால் சில நாட்களிலேயே செல்கள் அழிந்துவிடும், அதனால் தொடக்க மாற்றங்களைப் பார்க்க அது தோதுப்படாது. திரிந்த ஆல்பா சைனூக்ளின் புரத இழைகளை மூளையில் செலுத்தும் முறையே மேல் என்பேன், அதில் பாதிப்பு மாதக்கணக்கில் மெல்லப் பரவுவதால் மருந்தைச் சோதிக்க அவகாசம் கிடைக்கிறது.