12 நொடி கழித்து இடி கேட்டால் மின்னல் எவ்வளவு தூரம்?

கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையில் மின்னல் தெரிந்து 12 நொடி கழித்து இடி கேட்டதாகவும், அது 12 கிலோமீட்டர் தூரமா என்றும், அடுத்தடுத்து எண்ணியபோது கணக்கு மாறி மாறி வந்தது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எண்ணிய 12 நொடிகள் 12 கிலோமீட்டரைக் குறிக்காது. ஏறத்தாழ 4 கிலோமீட்டரையே குறிக்கும். நம் பக்கத்து வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் செல்வதால், நொடிகளை மூன்றால் வகுத்தாலே போதும்.

அடுத்தடுத்த கணக்குகள் தாறுமாறாக வந்ததற்கு, ஒரு மின்னலின் இடியை வேறொரு மின்னலுடன் சேர்த்து எண்ணியது காரணமாக இருக்கலாம். மின்னல்கள் இடைவெளி விட்டு வரும்போது, ஒளி தெரிந்ததும் கைபேசியின் ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, முதல் உறுமலிலேயே நிறுத்திப் பாருங்கள். மலையடிவாரத்தில் எதிரொலி நெடுநேரம் உருளும் என்பதால் அதன் முடிவை எண்ணக் கூடாது.

தயவுசெய்து இதைத் திண்ணையில் நின்று செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளிருந்தே எண்ணுங்கள். 4 கிலோமீட்டர் பாதுகாப்பான தூரமே அன்று. அடுத்த மின்னல் உங்கள் ரப்பர் தோட்டத்திலேயே விழக்கூடும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் கழியும்வரை வெளியே இறங்க வேண்டாம்.