அதே தோடு அக்காவுக்கு ஒத்துக்கொள்கிறது, எனக்கு ஏன் அரிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 29. கவரிங் தோடு போட்டால் இரண்டே நாளில் காது சிவந்து, அரித்து, நீர் வடிகிறது. ஜீன்ஸ் பட்டன் உரசும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்திருக்கிறது. அதே தோட்டை அக்கா மாதக்கணக்கில் போட்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவா? சத்து மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: குறைவு இல்லையம்மா. உங்கள் அறிகுறிகள் நிக்கல் அலர்ஜியைப் போல இருக்கின்றன. அப்படியென்றால் எதிர்ப்பு சக்திக்குப் பலம் போதாமல் இல்லை, அதற்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை.

கவரிங் நகைகள், ஜீன்ஸ் பட்டன்கள் பலவற்றில் நிக்கல் என்ற உலோகம் உண்டு. வியர்வையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தோலுக்குள் இறங்கும். தோலிலுள்ள காவல் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் டி செல்கள் எனும் வெள்ளணுக்களிடம் காட்டும். ஒருமுறை பழகிவிட்ட டி செல்கள் மறுபடி நிக்கல் பட்டால் அங்கே திரண்டு வரும். அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்; தோடு போட்ட உடனே அரிக்காதது அதனால்தான்.

நிக்கலை அடையாளம் காணும் டி செல்கள் அக்காவின் ரத்தத்திலும் இருக்கலாம். 2003-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அலர்ஜி இல்லாதவர்களின் ரத்தத்திலிருந்து, மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் செல்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மிச்சமிருந்த டி செல்கள் நிக்கலுக்கு எதிராகக் கிளம்பின! அலர்ஜி உள்ளவர்களிடம் இந்த அடக்கும் செல்களின் திறன் குறைவாக இருந்தது. 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்று இவற்றைச் சொல்கிறோம். இன்டர்லூகின்-10 போன்ற பொருள்களைச் சுரந்தும், மற்ற செல்களை நேரடியாகத் தொட்டும் அழற்சியைத் தணிக்கின்றன. இவை தொடர்பான கண்டுபிடிப்புகளுக்காக சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் என்ற ஆய்வாளர்கள் மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

காது குத்துவதற்கு முன்பே பல்லுக்குக் கம்பி போட்டவர்களிடம் நிக்கல் அலர்ஜி குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. வாய்வழியாகப் போகும் சிறிதளவு நிக்கல் அடக்கும் செல்களை வளர்க்கிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் அலர்ஜி வந்தபின் இது வைத்தியம் ஆகாது.

சத்து மாத்திரையால் இந்தச் செல்கள் திருந்தாது, காசுதான் வீண். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். நிக்கல் தடவிய பட்டையை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு சேர்ந்த கலவைக் களிம்பு மட்டும் வேண்டவே வேண்டாம்; தோல் மெலிந்துபோகும். பட்டனுக்கு உட்புறம் துணி வைத்துத் தையுங்கள். தங்கத் தோட்டுக்கு மாறினால் திருகாணியையும் தங்கத்திலேயே வாங்குங்கள். பலரும் அதை மட்டும் கவரிங்கில் விட்டுவிடுகிறார்கள்.