ஸ்டிக்கிலிருந்து வால் வரை: கிட் விமானம் கட்டுவோர் கேள்வி – பதில்

கேள்வி: ஆர்.வி.-7 என்ற கிட் விமானத்தைக் கட்டுகிறேன். ஏலரானை (இறக்கையின் பின் விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் பலகை) ஸ்டிக்கோடு இணைக்கும் புஷ் ராடுகளை மாட்டியபோது ஸ்டிக் லேசாக ஆடியது. போல்ட்டுகளை முழுதாக இறுக்கியதும் பிடிக்கிறது. கால் சுற்று தளர்த்தினால் சரியாகிவிடுகிறது. உள்ளே ஃபைபர் வளையம் உள்ள லாக் நட்தானே, கழலாது என்று தளர்வாகவே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இறுக்கினால் பிடிக்கிறது என்றால் அந்த மூட்டில் வாஷர் கணக்கு தப்பியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் போல்ட்டைத் தளர்த்தி வைத்தால், நாளடைவில் போல்ட் துளைக்குள் ஆடி ஆடித் துளை நீள்வட்டமாகிவிடும்.

புஷ் ராடின் முனையில் உள்ள மூட்டுதான் ராடு எண்டு. அதன் உள்ளே ஓர் எஃகு உருண்டை இருக்கிறது. சுழல வேண்டியது அந்த உருண்டையின் மேல் இருக்கும் கூடு மட்டும்தான். போல்ட், வாஷர்கள், உருண்டை, பெல்கிராங்கின் (அசைவின் திசையை மாற்றும் நெம்புகோல்) இரண்டு காதுகள் ஆகிய அனைத்தும் ஒரே கட்டையாக இறுகி அசையாமல் நிற்க வேண்டும். உருண்டைக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தால், இறுக்கும்போது காதுகள் உள்பக்கம் வளைந்து கூட்டைக் கவ்வுகின்றன. உங்கள் ஸ்டிக் பிடிப்பது இதனால்தான். வளைந்த காதில் பிற்பாடு விரிசலும் விடும்.

செய்ய வேண்டியது இது. போல்ட்டை உருவிவிட்டு இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். ஏ.என்.960-10 வாஷரின் கனம் சுமார் 1.6 மி.மீ. பெயரின் கடைசியில் ‘எல்’ உள்ளது அதில் பாதி. இந்த இரண்டையும் கலந்து, காதுகளை விரிக்காமல் விரலால் தள்ளினாலே உள்ளே போகும் அளவுக்கு நிரப்புங்கள். உருண்டையின் இருபுறமும் கனம் ஒன்றாக இருந்தால் ராடு நடுவில் நிற்கும். கை நுழையாத இடத்தில் வாஷரை ஐஸ் குச்சியின் நுனியில் மாஸ்கிங் டேப்பால் லேசாக ஒட்டி உள்ளே நீட்டலாம். இந்த ஒரு வாஷருக்காக அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

ஏ.என்.3 போல்ட்டுக்கு டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) 20 முதல் 25 அங்குல-பவுண்டு. லாக் நட் வாஷரைத் தொடும் முன்பே, சும்மா சுழலும்போதே கொஞ்சம் விசை கேட்கும். அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அது 5 என்றால் ரெஞ்சில் 25 முதல் 30 வரை வையுங்கள்.

இறுக்கிய பிறகு ஒரு சோதனை. புஷ் ராடு குழலை இரண்டு விரலால் பிடித்து அதன் அச்சிலேயே உருட்டிப் பாருங்கள். இரு திசையிலும் கொஞ்சம், சம அளவு உருள வேண்டும். ஒரு பக்கம் உருண்டு மறுபக்கம் உடனே தட்டினால், இரு முனை ராடு எண்டுகளும் ஒன்றுக்கொன்று முறுக்கி நிற்கின்றன என்று பொருள். செக் நட்டைத் தளர்த்தி, இரண்டையும் ஒரே வாக்கில் திருப்பிவிட்டு மறுபடி இறுக்குங்கள். ஸ்டிக்கை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து இதையே திரும்பச் செய்து பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் காஸில் நட்டும் (மேலே வெட்டுகள் உள்ள நட்) காட்டர் பின்னும் (அந்த வெட்டு வழியே போல்ட்டின் துளையில் போடும் பூட்டு ஊசி) எங்கே போட வேண்டும்?

பதில்: போல்ட்டின் மேலேயே ஏதாவது ஒரு பாகம் சுழலும் இடங்களில் போட வேண்டும். வாலில் விமானத்தை இட வலமாகத் திருப்பும் ரடரின் கொம்பில் கேபிள் முனை மாட்டும் இடம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே போல்ட்டே அச்சு. ஒவ்வொரு மிதிக்கும் அது நட்டைக் கொஞ்சம் திருப்பப் பார்க்கும். ஃபைபர் நட்டை மட்டும் அங்கே நம்பக்கூடாது. காஸில் நட்டைக் கையிறுக்கமாக வைத்தால் போதும். கேபிள் முனை தன் எடையிலேயே தொங்கி ஆட வேண்டும். துளை நேருக்கு வராவிட்டால் வாஷர் கனத்தை மாற்றுங்கள்.

போல்ட்டின் தலை மேலேயோ முன்பக்கமோ இருக்கட்டும். நட் கழன்று விழுந்தாலும் போல்ட் தன் இடத்திலேயே தங்க ஒரு வாய்ப்பு இருக்கும்.

கேள்வி: ஏலரானின் நடுநிலையை எதை வைத்து முடிவு செய்வது? ஃப்ளாப்புக்கு (ஏலரானுக்கு உள்பக்கம் உள்ள, தரையிறங்கும்போது தாழ்த்தும் பலகை) நேராக வைத்தேன், இப்போது இறக்கை முனை ஒத்து வரவில்லை.

பதில்: வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். முதலில் வரைபடத்தில் உள்ளபடி பெல்கிராங்கை அச்சுப்பலகை வைத்து நடுநிலையில் பூட்டுங்கள். பிறகு இறக்கையின் வெளிமுனை ரிப்பில் (குறுக்குச் சட்டத்தில்) இருக்கும் முன், பின் டூலிங் துளைகள் (தயாரிப்பின்போது இட்ட குறித்துளைகள்) வழியே ஒரு நேர்கோடு பிடியுங்கள். ஏலரானின் பின் விளிம்பு அந்தக் கோட்டில் வந்து நிற்கும்படி புஷ் ராடின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். ஏலரான் நின்ற பிறகு அதற்கு ஃப்ளாப்பையும், கடைசியாக இறக்கை முனையையும் ஒத்து வையுங்கள். ஸ்டிக்கை நிமிர்த்திக் கட்டிவிட்டு இறக்கைக்குள் போகும் நீள ராடுகளைப் பொருத்துவது இதற்கு அடுத்த வேலை.

அதன் பின் வீச்சு. ஆர்.வி.-7க்கு ஏலரான் மேலே 25 முதல் 32 டிகிரி, கீழே 15 முதல் 17 டிகிரி. கீழே குறைவாக இருப்பது பிழை இல்லை. கீழிறங்கும் ஏலரான் இழுவையைக் கூட்டி விமானத்தின் மூக்கைத் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதைக் குறைக்கத்தான் இந்த வேறுபாடு. டிஜிட்டல் கோணமானியை ஏலரானின் மேல் தகட்டில் ஒட்டி, நடுநிலையில் பூஜ்ஜியம் வைத்து அளந்துகொள்ளுங்கள். இடம், வலம் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

நீளத்தைக் கூட்டும்போது ராடு எண்டின் மரை குழலுக்குள் போதிய அளவு இருக்கிறதா என்று கவனியுங்கள். விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே இருக்கட்டும். சோதனைத் துளை உள்ள குழல் என்றால், அதில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி மரையில் முட்ட வேண்டும். தடையில்லாமல் உள்ளே போனால் அந்த ராடைப் பறக்க விடாதீர்கள்.

கேள்வி: என் விமானத்தில் ஏலரானும் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கேபிளில் ஓடுகின்றன. ஜனவரியில் டென்ஷன் வைத்தேன், ஜூலையில் இறுகிப் போயிருக்கிறது. கேபிளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிள் நகர்ந்திருக்குமா?

பதில்: பூட்டுக் கம்பி அப்படியே இருந்தால் நகர்ந்திருக்காது. அலுமினிய உடல் எஃகுக் கேபிளைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். 4 மீட்டர் ஓட்டத்தில் 30 டிகிரி செல்சியஸ் கூடினால் உடல் கேபிளைவிட 1.3 மி.மீ. அதிகம் நீள்கிறது. அதனால்தான் கோடையில் இறுக்கமும் குளிரில் தொய்வும். கிட் கையேடு சொல்லும் டென்ஷனை அது சொல்லும் வெப்பநிலையில், விமானம் சில மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, டென்ஷன் மீட்டர் வைத்துப் பாருங்கள். விரலால் அழுத்திப் பார்ப்பது அளவு ஆகாது.

டர்ன்பக்கிளின் எந்தப் பக்கமும் 3 மரைக்கு மேல் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் கேபிளின் நீளம் தப்பு, புதிதாகச் செய்யுங்கள். 1/8 அங்குலக் கேபிளின் முனையை வளையமாக மடித்துப் பிடிக்கும் செப்பு ஸ்லீவுக்கு 3 அழுத்தம்: முதலில் நடுவில், அடுத்து வளையத்தை ஒட்டி, கடைசியாக மறுமுனையில். ஒவ்வொன்றையும் கேஜில் நுழைத்துப் பாருங்கள்.

கேள்வி: எலிவேட்டரைச் சமன் செய்த பிறகு பெயின்ட் அடித்தேன். மறுபடி பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். பெயின்ட்டின் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான் விழுகிறது. பின்பாரம் கூடினால் வேகத்தில் ஃப்ளட்டர் வரும், அதாவது பரப்பு படபடவென்று அடித்துத் தன்னையே பிய்த்துக்கொள்ளும். விமானம் கட்டுவதிலும் பந்தயத்திலும் பேர்போன ஸ்டீவ் விட்மன் 1995 ஏப்ரலில் அலபாமாவில் மனைவியுடன் உயிரிழந்தது இதே ஃப்ளட்டரால்தான். அவர் விமானத்தில் காரணம் இறக்கைத் துணி சரியாக ஒட்டாமல் பிரிந்தது. அமெரிக்காவின் ஆஷ்காஷ் விமான நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தனை அனுபவம் உள்ளவரையே பலிகொண்டது இது. பெயின்ட் காய்ந்ததும் எலிவேட்டரைக் கழற்றி, உராய்வில்லாத தாங்கியில் கீல் கோட்டில் நிறுத்தி, கையேட்டின் வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: முதல் பறப்புக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று என்ன?

பதில்: திசை. 2018 நவம்பர் 11 அன்று பராமரிப்பு முடிந்து போர்ச்சுகலின் அல்வெர்காவிலிருந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190இல் ஏலரான் கேபிள்கள் மாறியிருந்தன. விமானிகள் படாதபாடு பட்டு பேஜாவில் இறக்கினார்கள். பெரிய பராமரிப்புக் கூடத்திலேயே கண்ணில் படாமல் போகும் தவறு, வீட்டு கராஜில் இன்னும் எளிதாகத் தப்பிவிடும்.

ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே நிற்கும்படி பிடித்துச் சாய்த்தால், விரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க ஏலரான் எழ வேண்டும். ஸ்டிக்கை இழுத்தால் எலிவேட்டரின் பின் விளிம்பு மேலே போக வேண்டும். இடது பெடலை மிதித்தால் ரடர் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மின் டிரிம்மை (ஸ்டிக்கைப் பிடித்திராமலே மூக்கின் நிலையைச் சரிசெய்வது) மறந்துவிடுகிறார்கள்: மூக்கைத் தாழ்த்தும் பொத்தானை அழுத்தினால் எலிவேட்டரில் உள்ள டாப் (சிறு பலகை) மேலே போக வேண்டும். இது மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆட்ட, மற்றொருவர் வெளியே நின்று பார்த்ததை உரக்கச் சொல்லட்டும். அமெரிக்காவில், சொந்தமாக விமானம் கட்டுவோரின் இ.ஏ.ஏ. அமைப்பின் தொழில்நுட்ப ஆலோசகர்கள் கட்டணமின்றி வந்து பார்ப்பார்கள். தரையையும் சீட்டையும் மூடும் முன் கூப்பிடுங்கள்.

கேள்வி: பறக்கிறது. கையை எடுத்தால் இடது இறக்கை தாழ்கிறது.

பதில்: தனியாகப் பறக்கிறீர்களா? இடப்பக்கம் நீங்கள் மட்டும் உட்கார்ந்தாலே கொஞ்சம் தாழும். இரு டேங்கிலும் எரிபொருளைச் சமமாக்கி, சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்தை நடுவில் வைத்துப் பாருங்கள். பிறகும் இருந்தால், ஃப்ளாப் இரண்டும் முழுதாக மேலேறி ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, ஏலரான் கீல்களின் உயரம் ஒன்றா என்று சரிபாருங்கள். எல்லாம் சரி என்றால் லேசான இறக்கையின், உங்களுக்கு வலப்பக்கத்தின், ஏலரான் பின் விளிம்பை மரக்கட்டை வைத்து மெல்ல அமுக்க வேண்டும். ஒரு தடவைக்குத் துளி அமுக்கம், உடனே பறந்து சோதனை. அதிகமாகிவிட்டால் மறுபக்க ஏலரானைக் கொஞ்சம் அமுக்கிச் சமப்படுத்தலாம்.