காலால் கேட்க வேண்டிய டிரம்ஸ்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1930களில் அமெரிக்காவில் பரவிய ஜாஸ் நடன இசையான ஸ்விங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பென்னி குட்மன் குழுவின் ‘சிங், சிங், சிங்’ தேடிக் கேட்டேன். 1938இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவு. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் மனத்தை அள்ளின. ஆனால் டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடங்களில் பொறுமை போய்விட்டது. தஞ்சாவூர்க்காரி நான்; தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள். மிருதங்கத்தில் கிடைக்கும் கணக்கு இதில் அகப்படவில்லை. என்னதான் ரசிக்கிறீர்கள்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: கால் சும்மா இருக்கவில்லை. 61 வயதில் எழுந்தா ஆட முடியும்?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

கடைசி வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கேள்விக்குப் பதிலே அதில்தான் இருப்பதாகப் படுகிறது. தனி ஆவர்த்தனத்தில் நீங்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பீர்கள் அல்லவா? கையை எடுத்துவிட்டால் கோர்வை எங்கே வந்து விழுகிறது என்பது தெரியாமல் போய்விடும். ஸ்விங் டிரம்ஸுக்கு அந்தக் கை, கால்தான். அதை அடக்கிக்கொண்டு கேட்டால் வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

அந்தப் பதிவையே எடுத்துக்கொள்வோம். குட்மன் குழுவின் டிரம்மர் ஜீன் க்ரூபா பெரும்பாலும் டாம்-டாமில், அடித்தொண்டைக் குரல் போன்ற அந்தத் தடித்த ஒலியில் வாசிக்கிறார். இந்த முறை கையை விட்டுவிட்டு அவருடைய வலது காலைக் கவனியுங்கள். அடியில் பாஸ் டிரம், அதாவது பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நடந்துகொண்டே இருக்கும். மேலே கைகள் எத்தனை புரண்டாலும் அந்த நடை நிற்காது. உங்கள் குதிகாலை அதோடு சேர்த்துவிடுங்கள். பிறகு இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் விரலைச் சொடுக்குங்கள். முதல் அடியில் தட்டிப் பழகிய நமக்குக் கொஞ்சம் தடுமாறும். பழகியதும் உடம்பு லேசாக முன்னே சாய்வதை உணர்வீர்கள். ஒவ்வோர் அடியும் சமமாகப் பிளக்காமல், முன்பாதி நீண்டு பின்பாதி குறுகி வருவதால் வரும் சாய்வு அது. ஸ்விங் என்ற பெயரே அந்த ஊசலைத்தான் சொல்கிறது. கணக்கைத் தேடினீர்கள், இங்கே முதலில் கிடைப்பது ஊசல்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கார்னகி ஹாலில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இந்த இசை பிறந்து வளர்ந்ததோ ஆடுகிறவர்களின் காலடியில். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில் 140, 141ஆம் தெருக்களுக்கு இடையே 1926இல் திறந்த சவாய் பால்ரூம்தான் அதன் சொந்த வீடு. மற்ற பல இடங்களில் கறுப்பர்கள் மேடையில் வாசிக்கலாம், பார்வையாளராக உள்ளே வர முடியாது என்றிருந்த காலத்தில், சவாயில் இரு நிறத்தவரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். மேடைகள் இரண்டு, ஒரு குழு ஓய்ந்தால் அடுத்தது தொடங்கிவிடும்.

அங்கே அரசனாக இருந்தவர் சிக் வெப். டிரம்மர், குழுத் தலைவர். சிறு வயதில் முதுகெலும்பில் காசநோய் தாக்கியதால் கூன் விழுந்து, குள்ளமாகவே நின்றுவிட்டவர். பாஸ் டிரம்முக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது என்பதால் உயரமான மேடை போட்டு உட்காருவார். பெடல்களைத் தன் காலுக்கு எட்டும்படி தனியாகச் செய்து வைத்திருந்தார். 1937 மே 11 அன்று குட்மன் குழுவும் வெப் குழுவும் சவாயில் நேருக்கு நேர் மோதின. க்ரூபா அப்போது நாடறிந்த நட்சத்திரம். உள்ளே சுமார் 4,000 பேர்; இடம் கிடைக்காமல் தெருவில் இன்னும் ஆயிரக்கணக்கானோர். வெப் வென்றார். க்ரூபா அவரைப் பார்த்துத் தலை வணங்கினார். எனக்கு இந்தக் காட்சி எப்போது நினைத்தாலும் தொண்டையை அடைக்கும். இரண்டே ஆண்டுகளில், 1939 ஜூனில் வெப் இறந்துவிட்டார்.

அவரை அப்படி உயர்த்தியது வேகம் மட்டுமல்ல. அவர் ஆடுகிறவர்களைப் பார்த்து வாசித்தார். ஸ்விங்குக்கு ஆடும் ஜோடி நடனமான லிண்டி ஹாப்பில் ஒரு ஜோடி காலை வீசினால், அந்த வீச்சு முடியும் இடத்தில் சிம்பல் விழும். ஆடுகிறவன் அதைக் கேட்டு அடுத்த அடியைப் பெரிதாக்குவான். அதைப் பார்த்து இவர் இன்னும் ஏற்றுவார். அந்தத் தளத்தில் ஆடியவர்களில் முதல் வரிசைக்காரரான ஃப்ராங்கி மேனிங் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்விங்கில் டிரம்மர் தனியாக வாசிப்பது என்பதை நான் இந்த உரையாடலின் தொடர்ச்சியாகவே கேட்கிறேன். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. டிரம்மரும் தளமும் நேரடியாகப் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்டபோது பேச்சில் ஒரு பாதிதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

வயதைக் கேட்டீர்கள். இதே மேனிங் ஸ்விங் காலம் முடிந்ததும் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து முப்பது ஆண்டுகள் இருந்தார். எழுபதைத் தாண்டிய வயதில் இளைஞர்கள் தேடி வந்து கேட்ட பிறகு மீண்டும் ஆடவும் கற்றுக்கொடுக்கவும் தொடங்கினார். தொண்ணூறைத் தாண்டியும் பல நாடுகளுக்குப் போய் வகுப்பெடுத்தார். 2009இல் இறந்தபோது 95ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தன. ஆளைத் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றும் வித்தை இளமையில் அவர் புகுத்தியது. அது நமக்கு வேண்டாம். லிண்டி ஹாப்பின் அடிப்படை முழங்காலில் இருக்கும் மெல்லிய துள்ளல்தான். முழங்காலை விறைக்காமல் தளர்த்தி, ஒவ்வோர் அடிக்கும் உடம்பைத் தரைப்பக்கம் லேசாக விட்டு எடுத்தால் போதும். மூட்டு வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளால் செய்யுங்கள். நானும் காய்ச்சலில் கிடந்த ஒரு வாரம் அப்படித்தான் ஆடினேன்.

‘சிங், சிங், சிங்’ 12 நிமிடம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சிக் வெப் 1937இல் பதிவு செய்த ‘ஹார்லெம் காங்கோ’வைக் கேளுங்கள். சுமார் மூன்று நிமிடம்தான். கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, செருப்பில்லாமல் நின்று கேளுங்கள். வீட்டில் குழந்தைகள் யாராவது இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். இது இருவர் ஆடும் ஆட்டம்.

அன்புடன்.