பேரை மட்டும் கொடுக்காதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். வயது 42. பத்தாவது முடித்ததோடு சரி, கல்யாணமாகி 22 வருடமாக வீடுதான். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். நான்தான் கூடப் போய் ஸ்டேஷனில் நின்றேன். "குடும்ப விஷயம், பேசித் தீத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இப்படிப்பட்ட பெண்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரரும், "நீ பேரைக் குடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறார். வீட்டிலேயே இருந்தவளுக்கு இதெல்லாம் ஒத்து வருமா?

பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது வீட்டுக்காரர் சொன்ன வரிதான். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்த பிறகும், "கவுன்சிலர் இருக்காங்களா?" என்று கேட்டால் பல இடங்களில் எழுந்து வருவது அவர் கணவர். மனு வாங்குவதும் அவர், இன்ஜினியரிடம் போனில் பேசுவதும் அவர். கையெழுத்துக்கு மட்டும் பேப்பர் சமையலறைக்குப் போய்த் திரும்பும். அதற்கு நீங்கள் எதற்கு?

ஒத்து வருமா என்கிறீர்கள். தண்ணி லாரிக்குக் குடம் போட்டு வரிசையில் நின்றவர்தானே நீங்களும்? எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பெண்ணின் தாலி அடகுக்குப் போனது என்பதெல்லாம் போலீசுக்கு முன்னால் அந்த வரிசைக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடைத் தியேட்டர் இருந்தது. 1938 நவம்பரில் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் பெண்கள் மாநாடு நடந்தது அங்கேதான். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்று பட்டம் கொடுத்த மாநாடு. எல்லாரும் பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மாநாடு முடிந்த கையோடு பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலுக்குப் போனார்கள். டாக்டர் தர்மாம்பாளும் 55 வயது மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் கைதானார்கள். அந்தப் போராட்டத்தில் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவர்களும் உண்டு. பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில் அது.

தேர்தல் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண் இப்போது எங்கே தூங்குகிறாள்? கடிதத்தில் அது இல்லை. 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் அவளுக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. ஸ்டேஷனில் இனி வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீதான சி.எஸ்.ஆர். காப்பியைக் கேளுங்கள். இழுத்தடித்தால் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் நேராகப் போகலாம். வக்கீலுக்குக் காசில்லை என்று யோசிக்க வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனையில் இறங்கி உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேளுங்கள்.

இந்த ஒரு வழக்கை அலைந்து முடித்துவிட்டு, அப்புறம் வேட்பு மனுவைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

பாரிமுனைக்குப் போகிற அன்றைக்குச் சமையலை வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள். மத்ததைப் பார்த்துக்கொள்வதாக அவரே சொல்லியிருக்கிறாரே!