ஓராண்டு உணவு இருப்பைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று நாங்கள் ஐந்து பேர். எங்கள் சபையில் கொஞ்ச நாளாகவே சிக்கனமாக வாழ்வது, யாரிடமும் கையேந்தாமல் இருப்பது, ஆபத்துக் காலத்துக்குக் குடும்பத்தைத் தயாராக வைத்திருப்பது பற்றி நிறையச் சொல்கிறார்கள். அதில் எனக்கு முழு உடன்பாடுதான். இப்போது சபையைச் சேர்ந்த ஒரு சகோதரர், ஒரு குடும்பத்துக்கு ஓராண்டு உணவு என்று முழுக் கோதுமை, பயறு, பால் பவுடர் எல்லாம் பெரிய டின்களில் அடைத்து விற்கிறார். பன்னிரண்டு மாதத் தவணை, வட்டி பத்தே சதவீதம் என்கிறார். கணவர் பெயர் கொடுத்துவிட்டார், அடுத்த வாரம் முதல் தவணை. "பஞ்சம் வருமுன்னே யோசேப்பு சேர்த்து வைத்தாரே" என்கிறார். எங்கள் வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டால் வீட்டுச் செலவு 70, சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 10, வண்டிக் கடன் 12, கிரெடிட் கார்டுக்கு 5, மிச்சம் 3. கார்டில் இன்னும் 60 பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி. வங்கியில் 40 இருக்கிறது. அந்த டின்களின் விலை 90. வாங்கலாமா? வேண்டாம் என்று சொன்னால் விசுவாசம் குறைந்தவள் என்று நினைப்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, வாங்க வேண்டாம். முதல் தவணையைக் கட்டாதீர்கள். தயாராக இருக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணம் ரொம்ப நல்லது, அதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் கடன் வாங்கித் தயாராக முடியாது. நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

கணக்கிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நீங்கள் எல்லா எண்களையும் ஒளிக்காமல் கொடுத்திருக்கிறீர்கள். விலை 90, வட்டி 9, மொத்தம் 99. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8.25. உங்கள் கையில் மிஞ்சுவது 3. அப்படியென்றால் மாதாமாதம் 5.25 குறையும், அது வங்கியில் இருக்கும் 40-லிருந்துதான் போகும், எட்டாவது மாதத்தில் அந்தச் சேமிப்பு காலி. அதன் பிறகு நான்கைந்து தவணை பாக்கி இருக்கும், அதைக் கார்டில்தான் போடுவீர்கள். வீடு நிறைய டின் இருக்கும், அவசரத்துக்கு எடுக்க ஒரு காசு இருக்காது.

அந்தப் "பத்தே சதவீதம்" என்பதையும் பார்க்க வேண்டும். அவர் சொல்வது சமவட்டி. ஆறு தவணை கட்டி முடித்தபோது பாதி அசலை நீங்கள் திருப்பித் தந்துவிட்டீர்கள், ஆனாலும் வட்டி முழு 90-க்கும் போட்டதுதான். குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று போட்டுப் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீதக் கடன். எந்தத் தவணைக்காரர் சதவீதம் சொன்னாலும் "மொத்தம் எவ்வளவு கட்டுவேன், வட்டி குறையும் பாக்கிக்கா, முழுத் தொகைக்கா" என்று கேளுங்கள். கார்டு இதைவிட மோசம். மாதம் 3 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது, வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகும். உங்கள் வீட்டை இப்போதே அரித்துக்கொண்டிருக்கும் ஆபத்து அதுதான்.

சரி, யோசேப்பு. உங்கள் கணவர் சொன்னது நல்ல உதாரணம், அதனால் பைபிளில் அந்தக் கதை வரும் ஆதியாகமம் 41-ஐ இருவரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி வாசியுங்கள். அங்கே சேர்த்தது விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு. சேர்த்த காலம் ஏழு ஆண்டு. விளைந்ததிலிருந்து, விளைந்தபோது, வருடக்கணக்காகச் சேர்த்தார்கள். வராத வருமானத்தை அடகு வைத்து ஒரே நாளில் களஞ்சியத்தை நிரப்பியதாக அங்கே எதுவும் இல்லை.

இந்த விஷயத்தில் அதிக அனுபவம் உள்ளவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபையார், மார்மன்கள் என்றால் பலருக்குப் புரியும். வீட்டில் தானியம் சேர்க்கச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஏராளமான குடும்பங்கள் வேலையிழந்து நின்றபோது சபையே கிடங்கு வைத்து, வேலை கொடுத்து உதவியது, 1936-இல் அது சபை முழுவதற்குமான நலத்திட்டம் ஆனது. அப்படிப்பட்டவர்கள் 2007-இல் குடும்பங்களுக்காக வெளியிட்ட சிறு கையேட்டில் என்ன சொன்னார்கள் தெரியுமா? முதலில் நீங்கள் தினமும் சாப்பிடும் உணவையே மூன்று மாதத்துக்கு வரும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், குடிநீர் வையுங்கள், வாராவாரம் சிறு தொகையாகப் பணம் ஒதுக்குங்கள். நீண்டகாலத் தானிய இருப்பு அதற்கப்புறம்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சேர்க்கக் கடன் வாங்குவது புத்தியல்ல என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தவர்களே அப்படிச் சொல்லும்போது, நீங்கள் தயங்கியதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த டின்னில் இருக்கும் முழுக் கோதுமையை நீங்கள் என்ன செய்வீர்கள்? அரைக்க வீட்டில் எந்திரம் இருக்கிறதா, மின்சாரம் இல்லாவிட்டால் கையால் அரைக்க முடியுமா? உங்கள் மாமியாருக்கு அது ஒத்துக்கொள்ளுமா? பிள்ளைகள் பால் பவுடர் குடிப்பார்களா? ஈரமில்லாத கோதுமை, வெள்ளையரிசி, பயறு போன்றவை காற்றுப்புகாமல் அடைத்துக் குளுமையான இடத்தில் வைத்தால் 30 ஆண்டு வரைகூட இருக்கும், அது உண்மை. ஆனால் எண்ணெய், பட்டை தீட்டாத அரிசி, கொட்டை வகைகள் கொழுப்பு இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். வெயில் படும் சுவரோரம் வைத்தால் எதற்குமே அந்த ஆயுள் கிடையாது. பழக்கமில்லாத சாப்பாட்டை மொத்தமாக வாங்கி வைத்தவர்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை, கடைசியில் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். வங்கியில் உள்ள 40-இல் 25-ஐ அவசரத்துக்கு அப்படியே விடுங்கள், 15-ஐ எடுத்து இந்த மாதமே கார்டில் கட்டுங்கள். பாக்கி 45 ஆகும். மாதம் மிஞ்சும் 3-இல் 2-ஐயும் கார்டுக்கே சேர்த்து 7 கட்டுங்கள், கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். எட்டாவது மாதத்தில் அந்தக் கடன் முடிந்துவிடும். மீதி 1 இருக்கிறதே, அது உங்கள் அலமாரிக்கு. வழக்கமாக வாங்கும் சாமானோடு, கெடாத ஒன்றிரண்டு பொருளை மட்டும் கூடுதலாக ஒரு பாக்கெட் வாங்குங்கள், அதிலும் விலை குறைந்திருக்கும் நேரம் பார்த்து. முழுச் சேமிப்பையும் கார்டில் போட்டால் இன்னும் சீக்கிரம் முடியுமே என்று கணவர் கேட்பார். முடியும்தான். ஆனால் அடுத்த மாதமே வண்டி பழுதாகி நின்றால் மறுபடி அந்தக் கார்டைத்தான் நீட்டுவீர்கள், அதனால்தான் அந்த 25-ஐத் தொட வேண்டாம் என்கிறேன்.

கார்டு முடிந்ததும் மாதம் 8 கையில் நிற்கும். அதில் பாதி வங்கிக்கு, பாதி அலமாரிக்கு. உங்கள் வீட்டில் கெடாத மளிகைச் சாமான் மாதம் 12 அளவுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்கு 36. முதல் எட்டு மாதத்தில் 8 சேர்ந்திருக்கும், அடுத்த ஏழு மாதத்தில் 28, ஆகப் பதினைந்தாவது மாதம் அலமாரி நிறைந்துவிடும், வங்கியிலும் 53 இருக்கும், ஒரு பைசா வட்டி கிடையாது. அப்புறம் அந்த 8 முழுவதையும் வங்கிக்கே திருப்பி, தசமபாகம் நீங்கலாக மூன்று மாதச் செலவு சேரும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு குடும்பத்துக்கு வழக்கமாக வரும் ஆபத்து பஞ்சமல்ல. வேலை போவது, ஒருவர் படுத்துவிடுவது, இப்படித்தான் வரும். அப்போது வாடகையும் மருத்துவச் செலவும் கோதுமையால் கட்ட முடியாது.

அலமாரியை நடத்துவதும் ஒரு வேலைதான். வாங்கி வந்த உடனே ஒவ்வொரு பாக்கெட்டிலும் தடித்த பேனாவால் மாதமும் ஆண்டும் எழுதுங்கள், புதியதைப் பின்னால் தள்ளிப் பழையதை முன்னால் இழுத்து வையுங்கள், சமைக்க எடுப்பது எப்போதும் முன்வரிசையிலிருந்து. அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எடுத்தால் ஒரு கோடு அடிக்கச் சொல்லுங்கள், அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். எது வேகமாகத் தீர்கிறது, எதை யாரும் தொடுவதில்லை என்று மூன்று மாதத்தில் அந்தத் தாளே காட்டிவிடும், அதற்கேற்ப வாங்குங்கள். இப்படி வைத்தால் இருப்பு என்பது நீங்கள் எப்படியும் சாப்பிடப்போகும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே கொடுத்த பணம், அவ்வளவுதான்.

தண்ணீரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், இரண்டு வாரத்துக்கு என்று கணக்குப் போட்டால் உங்கள் ஐந்து பேருக்கு 280 லிட்டர். உடனே அவ்வளவு வேண்டாம், மூன்று நாளைக்கு 60 லிட்டரில் தொடங்குங்கள், உணவுக்கான மூடியுள்ள கலன்களில் பிடித்து வைத்து அவ்வப்போது மாற்றினால் போதும், இதற்குச் செலவே இல்லை. மாமியார் தினமும் மாத்திரை எடுப்பவர் என்றால் மருத்துவரிடம் கேட்டு ஒரு மாத மாத்திரை கூடுதலாகக் கையில் வையுங்கள், டின்னில் அடைத்த எந்த உணவையும்விட அது முக்கியம். அடையாளச் சான்றுகள், காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், கடன் விவரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, எது எங்கே என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கணக்கிலும் காப்பீட்டிலும் வாரிசுதாரர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கணவருக்கு ஆயுள் காப்பீடு இல்லையென்றால், சேமிப்பு கலக்காத வெறும் டேர்ம் காப்பீடு ஒன்று எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தசமபாகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் அதைத் தொடவில்லை, மேலே உள்ள கணக்கு முழுவதும் அந்த 10-ஐ அப்படியே விட்டுவிட்டுப் போட்டதுதான். ஒன்று மட்டும்: கார்டில் தேய்த்துக் காணிக்கை கொடுக்காதீர்கள், அது உங்களுடையதல்லாத பணம்.

இனி அந்தச் சகோதரர். அவர் நல்லவராகவே இருக்கலாம், சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் ஒரே சபை என்ற நம்பிக்கை வியாபாரத்துக்குள் வந்துவிட்டால், வெளியாரிடம் கேட்கும் கேள்விகளை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம். மதக்குழுக்கள் வழியாகப் பரவும் முதலீட்டு மோசடிகள் பற்றி அமெரிக்காவின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பே தனியாக எச்சரிக்கை விடுத்திருக்கிறது, அந்த அளவுக்கு அது நடக்கிறது. பக்கத்து பெஞ்சில் உட்காருபவர் என்பதற்காக யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள், உதவ மனமிருந்தால் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் சபை உண்மையிலேயே இதில் அக்கறை காட்டுகிறது என்றால் விற்பதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. நாலைந்து குடும்பம் சேர்ந்து மூட்டையாக வாங்கி, ரொக்கமாகக் கொடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். தையல் எந்திரத்தையும் மாவரைக்கும் எந்திரத்தையும் மாறிமாறிப் பயன்படுத்தலாம், குழாய் பழுது பார்க்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். நான் மேலே சொன்ன சபையார் மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசமிருந்து, அந்தச் சாப்பாட்டுக்கான பணத்தை இல்லாதவர்களுக்கென்று கொடுக்கிறார்கள். அப்படி ஒரு நிதி இருந்தால், அலமாரி காலியான வீட்டுக்கு அன்றைக்கே உதவி போகும். உங்கள் போதகரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

கணவரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் குடும்பத்தைக் காக்க வேண்டும் என்றுதான் பெயர் கொடுத்திருக்கிறார். ஒரு தாளில் இடப்பக்கம் தவணை வழி, வலப்பக்கம் பதினைந்து மாத வழி என்று எழுதி, இரண்டிலும் எட்டாவது மாதம் வங்கியில் எவ்வளவு இருக்கும், கார்டில் எவ்வளவு பாக்கி என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் கொடுத்தபோது ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, ரத்து செய்ய எத்தனை நாள் இருக்கிறது என்பதை மட்டும் நாளைக்கே பார்த்துவிடுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து போய் அந்தச் சகோதரரிடம், "எங்கள் கடனை முதலில் முடிக்கிறோம், இப்போதைக்கு வேண்டாம்" என்று நேரில் சொல்லுங்கள், அதையே எழுத்திலும் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு முடிந்த பிறகு ஒரே ஒரு டின்னை ரொக்கம் கொடுத்து வாங்கி, வீட்டில் எல்லோரும் அதைச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யலாம்.