பனிக்காட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்: கேள்வி பதில்

கேள்வி: நேற்று இதே சரிவில் நாலைந்து பேர் சறுக்கிப் போன தடம் இருக்கிறது. நாங்களும் போகலாம்தானே?

பதில்: தடத்தை நம்பாதீர்கள். பனி அடுக்கடுக்காகப் படிகிறது. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி ஒட்டாமல் உதிரியாக இருந்தால், அதன் மேலுள்ள கெட்டிப் பனி ஒரு பலகை மாதிரி மொத்தமாக நழுவும். முதல் ஆளுக்கு உடையாதது ஆறாவது ஆளுக்கு உடையலாம். இப்படிப்பட்ட பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் வருகின்றன. சறுக்க ஆசை வருவதும் அதே சாய்வில்தான், என்ன செய்வது! உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ கூட வந்தவரோதான். காலடியில் ‘வும்ப்’ என்று பனி அமுங்கும் சத்தம் கேட்டாலும், விரிசல் ஓடினாலும் அன்றைக்கு அந்தச் சரிவை மறந்துவிடுங்கள். செங்குத்தான சரிவின் அடிவாரத்தில், சமதளத்தில் நடந்தாலும் மேலே இருப்பதைக் கிளப்பிவிட முடியும்.

கேள்வி: டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி) வாங்கிவிட்டேன். போதுமா அண்ணா?

பதில்: நீங்கள் புதைந்தால் அது உங்கள் இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். தோண்டி எடுக்க ஆள் வேண்டும். கூட வரும் ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் இருக்க வேண்டும், பழக்கமும் வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி ஆகிவிட்டால் மிகவும் குறைவு. வெளியிலிருந்து மீட்புக்குழு அதற்குள் வந்து சேராது. அப்புறம், தேடும்போது கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து 50 செ.மீ. தள்ளியே வையுங்கள், சிக்னலைக் குழப்பும்.

கேள்வி: மரங்களுக்கு நடுவே சறுக்கினால் பயமில்லையா?

பதில்: வேறு பயம் இருக்கிறது. தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால் ஊசியிலை மரத்தின் அடியைச் சுற்றி உதிரிப்பனி மூடிய குழி உண்டாகும். தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம், மூச்சுத் திணறிவிடும். துணைவர் கண்பார்வையில் இருந்தே தீர வேண்டும்.

கேள்வி: நடந்தால் எனக்கு வியர்த்தே விடுகிறது. குளிர் எங்கே தாக்கப் போகிறது?

பதில்: அந்த வியர்வைதான் எதிரி. நின்றவுடன் ஈரத்துணி உடல் சூட்டை உறிஞ்சும். பருத்தி வேண்டாம். வியர்க்கும் முன்பே ஒரு சட்டையைக் கழற்றுங்கள், நின்றதும் போட்டுக்கொள்ளுங்கள். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பேச்சு குழறும், கை தடுமாறும், புத்தி மழுங்கும். அதனால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். முற்றிய நிலையில் சிலர் சூடாக இருப்பதாக நினைத்து உடைகளையே களைவார்கள்.

கேள்வி: கொஞ்சம் ரம் குடித்தால் சூடு வருமே?

பதில்: தோலுக்கு வரும், உள்ளே இருப்பது வெளியேறும். வேண்டாம்.

கேள்வி: உறைந்த ஏரியைக் கடக்கலாமா?

பதில்: புதிய, தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. தடிமன் இருந்தால் ஒருவர் நடக்கலாம். வெண்மையானது ஏறக்குறைய பாதிப் பலம்தான். ஓடை வந்து சேரும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் தவிருங்கள். மீறி விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் மூச்சை மட்டும் கட்டுக்குள் கொண்டுவந்து நிதானப்படுத்துங்கள். கைகால்கள் சொன்னபடி கேட்க ஏறக்குறைய பத்து நிமிடம் இருக்கிறது. வந்த பக்கமே திரும்பி, காலை உதைத்து மேலே ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டே கரைக்குப் போங்கள்.